சேமிப்பு படிப்பித்த கடன்காரன்

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் பற்றிப் படிப்பிக்க ஆள் தேடிக்கொண்டு தொண்டர் குழுவினர் என் வீட்டுக்கு வந்த நேரம், மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடைவில் கிடந்தன. அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கிற இடர்கடனை எடுத்தாயிற்று. சித்திரை வருசத்துக்கு வாங்கிய விழா முற்பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் லீசிங்கில் ஓடியது. சந்திக் கடையில் என் பெயருக்கென்று ஒரு தனிக் கடன் கொப்பி இருந்தது. அதற்குக் கடைக்காரர் உறை போட்டு வைத்திருந்தார், கனகாலம் பாவிக்க வேண்டிய கொப்பி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்களைப் போல ஆக்கள்தான் சேர் வேணும்" என்றார்கள். எந்த வகையில் என்னைப் போல என்று நான் கேட்கவில்லை. உடனே ஒத்துக்கொண்டேன். யாராவது வீடு தேடி வந்து கேட்டால் மறுக்கத் தெரியாது. என் கடன்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலகாரணம்.

மனைவி மட்டும் பிளேன்டீ கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "இஞ்சேருங்க, புள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறீங்களா, படிக்கப் போறீங்களா?"

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கல்முனை வீதியில் தெற்கே வந்தால், கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் வருவது நாவற்குடா. கிழக்கே கடல், மேற்கே வாவி. கடலுக்குப் போகிறவர்கள், வாவியில் தோணி தள்ளுகிறவர்கள், மேசன்மார், ஓட்டோக்காரர், ஆசிரியர்கள், என்னைப் போன்ற கோப்புத் தூக்கிகள் எல்லாரும் இங்கே கலந்து இருக்கிறோம். அம்மாவோ அப்பாவோ கட்டாரிலும் குவைத்திலும் இருக்க, அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகளும் வகுப்புக்குச் சிலர் இருக்கிறார்கள்.

குழுவினர் தந்த கையேட்டில் மூன்று பகுதிகள்: நிதி அறிவு, தொழில் முயற்சி, தொழில் வழிகாட்டல். உழைக்கிற பெரியவர்கள் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய யோசனை. 1919இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் மூன்று பெரிய மனிதர்கள் அதைத் தொடங்கி வைத்தார்கள். தொலைபேசிக் கம்பனியை நடத்திய தியடோர் வெய்ல், காகித ஆலை முதலாளி ஹொரஸ் மோசஸ், செனட்டர் மரே கிரேன். ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற பெயரில் அது பிறகு உலகமெல்லாம் பரவியது. தொடங்கியவர்கள் மூவரும் காசு உள்ளவர்கள். அவர்கள் தொடங்கியதை நூறு வருடம் கழித்து நாவற்குடாவில் ஏற்று நடத்தக் கிடைத்தவன் நான்.

முதல் வகுப்புக்கே ஒரு பரிசோதனை போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு டொபி கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் தின்னாமல் வைத்திருக்கிற பிள்ளைக்கு இன்னொன்று. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் வால்டர் மிஷெல் 1970ஐ ஒட்டிய வருடங்களில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை இது. பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் கெட்டிக்காரராக வந்தார்கள் என்று அவருடைய பின்தொடர் ஆய்வுகள் சொல்லின. இதை வாசித்தபோது என் பொறுமையின் அளவும் எனக்கு ஞாபகம் வந்தது. கையேட்டை மூடி வைத்தேன்.

எங்கள் வகுப்பு பாடசாலை விட்ட பிறகு, ஒன்றரை மணிக்கு. காலை ஏழரைக்கு வந்த பிள்ளைகள், வயிறு காய்கிற நேரம். நான் விதிகளைச் சொல்லி முடிக்க முதலே பாதிப் பேரின் டொபி உள்ளே போய்விட்டது. மற்றப் பாதிப் பேர் என் முகத்தை ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டு அவர்களும் வாயில் போட்டார்கள். ஒரே ஒரு பொடியன் மட்டும் கடைசிவரை கையில் வைத்திருந்தான். அவனைக் கூப்பிட்டுப் பாராட்டியபோதுதான் தெரிந்தது, அவனுக்குப் பல்வலி.

"ஏன் மனே, பொறுத்தா ரெண்டு கிடைக்குமே?" என்று முன்வரிசையில் இருந்தவனைக் கேட்டேன்.

"போனமுறை வந்த ஆக்களும் மறுகா வாறம் எண்டுதான் சேர் போன."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் இரண்டாவது டொபிப் பைக்கற்றை நான் வாங்கியிருக்கவில்லை. கடைக்காரர் பழைய கணக்கை மெல்ல ஞாபகப்படுத்தியதால் ஒரு பைக்கற்றோடு திரும்பியிருந்தேன். எப்படியும் பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள், பல்வலிக்காரன் மாதிரி ஒன்றிரண்டு பேர் தேறினால் மிச்சத்தில் சமாளிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. பொறுமையைப் படிப்பிக்க வந்தவன் அவர்களின் பொறுமையின்மை மேல் பந்தயம் கட்டியிருந்தேன். எல்லாரும் பொறுத்திருந்தால் அன்றைக்கு ஊரில் நான் தலைகாட்டியிருக்க முடியாது.

பிறகு தேடி வாசித்தேன். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் இதே சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்து முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். சோதனைக்கு முதல், சில பிள்ளைகளிடம் "நல்ல கலர்ப் பென்சில் கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் பொறுத்தார்கள், ஏமாற்றப்படாதவர்கள் பன்னிரண்டு நிமிடம். அந்தப் படிப்பு நாவற்குடாப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வாய்த்திருந்தது. வெளியிலிருந்து வந்து படிப்பிக்கிற வழக்கம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதுமல்ல. 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்த கையோடு பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே மட்டக்களப்பில் இறந்துபோனார். மறுகா வாறேன் என்று சொல்லாமலே இங்கே தங்கிவிட்ட தொண்டர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

டொபியில் விட்டதை உண்டியலில் பிடிக்கலாம் என்று போனேன். இது 2021 கடைசியில், கொரோனா அடங்கிப் பாடசாலைகள் திரும்பத் திறந்த நேரம். ஆளுக்கொரு வெறும் பால்மா டின், மூடியில் ஓட்டை, மேலே பெயர். அடுத்த ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினம், அதுவரைக்கும் திறக்கக் கூடாது என்பது சட்டம். சுவரில் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் நலன்புரி முகாமில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வெள்ளத்தைக் காட்டி ஆசை மூட்டாதீர்கள் என்று அதிபர் சொன்ன பிறகு கழற்றினேன்.

அந்த 2022 எப்படிப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். மார்ச்சில் ரூபாயைப் பிடித்திருந்த கையை விட்டார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளையும் மூடினார்கள். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 94.9. இவ்வளவும் நடக்க நடக்க, நாவற்குடாவில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நான் சொன்ன சொல்லை மீறாமல் டின்னுக்குள் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறுவர் தினம் கழிந்து டின்களைத் திறந்தோம். ஒரு பொடியன் சைக்கிளுக்குச் சேர்த்திருந்தான். மாமா பாதி போடுவதாகப் பேச்சு. காசை நான்தான் எண்ணினேன், அவனுடைய கொப்பிக் கணக்கோடு சதம் பிசகவில்லை. ஆனால் கடையில் சைக்கிளின் விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போயிருந்தது.

"சேர், நான் ஒண்டும் எடுக்கல்லயே. பிறகு எப்பிடிக் குறைஞ்ச?"

அரை மணித்தியாலம் கரும்பலகையில் படம் கீறிப் பணவீக்கம் விளக்கினேன். நல்ல விளக்கம்தான், எனக்கே பல விஷயங்கள் தெளிந்தன. கவனமாகக் கேட்டுவிட்டு அவன் இன்னொரு கேள்வி கேட்டான்: "அப்ப சேர், இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?" தெரியாது என்றால் படிப்பிக்க வந்தது பொய். தெரியும் என்றால் அதைவிட மோசம். கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போய்விட்டது என்றேன்.

அன்று ஒரு பெட்டையின் டின்னை ஆட்டினால் சத்தமே இல்லை. ஜனவரியிலேயே திறந்து, இருந்த காசுக்கெல்லாம் சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறாள். கடையில் வேலை செய்கிற சின்னம்மா, விலை கூடப்போகிறது என்று சொன்னாவாம். விலை ஏறிய பிறகு, கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துக் கூடப்படிக்கிற பிள்ளைகளுக்கு விற்றிருக்கிறாள். அந்தக் காசில் அடுத்த வருடத்துக்குச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. வகுப்பிலேயே காசின் பெறுமதியைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான். என் மதிப்பீட்டுப் படிவத்தில் அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியது: 'சேமிப்புப் பழக்கம் போதாது.' குழுவினர் அந்தப் படிவத்தை ஸ்கேன் பண்ணி எங்கேயோ அனுப்பியும் விட்டார்கள்.

பெற்றோரின் சம்மதக் கையெழுத்துக்காக வீடு வீடாகப் போனபோது இன்னொரு அடி கிடைத்தது. ஒரு வீட்டில் அம்மம்மா மட்டும் இருந்தா. தொழில் முயற்சி பற்றி இரண்டு வசனம் சொன்னதும் எழும்பி உள்ளே போய் ஒரு பைல் கொண்டுவந்து மடியில் விரித்தா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்த நிறுவனங்கள் கொடுத்த சேட்டிபிகேட்டுகள். கோழி வளர்ப்பு, தையல், வீட்டுத்தோட்டம், சிறுவியாபார முகாமைத்துவம், பெண் தலைமைத்துவம். ஒவ்வொன்றும் பொலித்தீன் உறைக்குள்.

"உங்களிட்ட எத்தினை கிடக்கு மனே?"

என்னிடம் ஒன்றுகூட இல்லை. என்னைவிடத் தகுதியானவ அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

அந்தக் காலத்துப் பயிற்சிகள் பலவற்றுக்குச் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 'உங்கள் தொழிலைத் தொடங்குங்கள், மேம்படுத்துங்கள்' என்ற பாடநெறிதான் அடிப்படை. சுவீடனில் 1970களில் முதலாளிமார் சங்கம் தயாரித்த பாடத்திலிருந்து வளர்ந்தது. இலங்கையிலேயே அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்கு இந்தப் பாடத்தைக் கொடுத்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கிடைத்தபோது இலாபம் அசையவில்லை. பயிற்சியோடு காசும் கொடுத்தபோது முதலில் கூடி, இரண்டாம் வருடத்தில் அதுவும் மங்கிப்போனது. இதை நான் அம்மம்மாவுக்குச் சொல்லவில்லை. அவவுக்குத் தெரியாத செய்தி அதில் எதுவும் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டு, "முடிவில சேட்டிபிகேட் குடுப்பீங்கதானே?" என்று மட்டும் கேட்டா. பேரப்பிள்ளைக்கும் ஒரு பைல் தொடங்க வேண்டுமல்லவா.

தொழில் முயற்சிப் பகுதியின் உச்சக்கட்டம் சந்தை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் கீரையும் முருங்கைக்காயும் தேசிக்காயும் கொண்டுவந்து விற்பதும், அம்மாமார் தாங்கள் காலையில் கொடுத்தனுப்பிய சாமானைத் தாங்களே வந்து கூடின விலைக்கு வாங்கிக்கொண்டு போவதும் இலங்கைப் பாடசாலைகளில் வழக்கம்தான். நான் அதைப் பெரிய வகுப்புக்கு ஏற்றபடி விஞ்ஞானபூர்வமாகச் செய்யப் போனேன். ஒவ்வொரு குழுவுக்கும் வியாபாரத் திட்டம், அடக்கவிலைப் பட்டியல், விளம்பரம், லேபல். ஒரு குழுவுக்கு நாவற்பழத்தைச் சின்னப் பெட்டிகளில் அடைத்து விற்கச் சொல்லி நானே யோசனை கொடுத்தேன். நாவற்குடாவில் நாவற்பழம், பெயருக்குப் பொருத்தம். வளவில் மரம் நிற்கிற பிள்ளைகளிடம் அதைக் காசுக்கு வாங்கச் சொன்னால் யார் வாங்குவார்கள்? பெட்டிக்கும் லேபலுக்கும் போன காசும் வரவில்லை. மிஞ்சிய பழத்தை நாங்களே தின்று, நாக்கு நாவல் நிறமாக வீட்டுக்குப் போனோம். என் யோசனை எதையும் கேளாமல் மாங்காயை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி விற்ற பொடியன்கள் இடைவேளைக்கு முதலே முடித்துவிட்டார்கள்.

ஆனால் அன்று என்னை உண்மையில் மடக்கியது ஆப்பக் குழு. அந்தக் குழுவில் ஒரு பெட்டை, அவளுடைய தாய் விடியப்புறம் ஆப்பம் சுட்டு விற்கிறவ. சந்தை முடிந்து கரும்பலகையில் கணக்கு எழுதினேன். அரிசி, தேங்காய், சீனி, விறகு. வரவிலிருந்து செலவைக் கழித்தேன். வந்ததை வட்டம் போட்டு, "இதுதான் இலாபம்" என்றேன்.

"சேர், அம்மாட கூலி?"

"அது... வீட்டு ஆள்தானே?"

"மூண்டு மணிக்கு எழும்புறா சேர்."

எழுதினேன். ஒரு நாள் கூலியில் பாதியைப் போட்டவுடனேயே வட்டத்துக்குள் இருந்தது கழித்தல் குறியோடு நின்றது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்ட காலத்தில் அந்தக் கழித்தல் குறி எவ்வளவு நீண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தார்கள். நான் வெண்கட்டியைப் பார்த்தேன். இத்தனை காலமும் காலையில் அந்த ஆப்பத்தை வாங்கித் தின்றவன் நான், அதிலும் பாதி நாள் கடனுக்கு.

தொழில் வழிகாட்டல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையை இறுக்கிக் குலுக்குவது, கண்ணைப் பார்த்துக் கதைப்பது, 'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்விக்குப் பலத்தைப் பலவீனமாகச் சோடித்துச் சொல்வது. பெரியவர்களின் கண்ணைப் பார்த்துக் கதைத்தால் 'வாய்க்காரி' என்று பெயர் வாங்குகிற ஊரில் இதைப் பயிற்றுவித்தேன். பிள்ளைகள் ஒருவரோடொருவர் கைகுலுக்கி, நெரித்து, கடைசியில் அது கைமல்லுக்கட்டாக முடிந்தது. என்ன வேலைக்குப் போக விருப்பம் என்று கேட்டதற்கு டாக்டர், டீச்சர், பொலிஸ், யூடியூப் என்று வரிசையாக வந்து, பின்வாங்கிலிருந்து ஒருவன் "கட்டார்" என்றான். நாட்டின் பெயரை வேலையின் பெயராகச் சொன்னான் என்று திருத்தப் போனேன். அவனுடைய அப்பா அங்கே என்ன வேலை செய்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. அதற்கு மேல் திருத்தவில்லை.

இதைவிட நல்ல முயற்சி ஒன்று இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தந்த ஊரில் நடக்கிற தொழிலைப் பாடசாலையில் பாடமாகவே படிக்க வேண்டும். மீன்பிடிக்கிற ஊரில் மீன்பிடி, மட்பாண்டம் செய்கிற ஊரில் மட்பாண்டம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பிள்ளையை வலை இழுக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம் என்ற கோபம். 1977இல் ஆட்சி மாற, பாடமும் போய்விட்டது. எனக்கு அந்தப் பெற்றோரின் மேல் கோபம் இல்லை. நானும் என் மகனை டியூசனுக்குத்தான் அனுப்புகிறேன், அந்தக் கட்டணமும் ஒரு மாதம் பிந்தித்தான் போகிறது.

கைகுலுக்கல் வகுப்பில் ஒருத்தி மட்டும் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆப்பக்காரம்மாவின் மகள். நேர்முகப் பரீட்சை அதிகாரியாக நான் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டேன். நிமிர்ந்து நின்று, குரல் நடுங்காமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். எங்கே பழகினாய் என்று கேட்டேன்.

"லோன் காசு எடுக்க வாற அண்ணாவோட நான்தான் சேர் கதைக்கிற. அம்மா உள்ளுக்கு நிப்பா."

தொழில் திறன் கையேட்டில் இதற்குத் தனி அத்தியாயமே வைக்கலாம். அடுத்த கிழமை அவள் தாயின் தவணை மட்டையைக் கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தாள். "இதில எவ்வளவு வட்டி எண்டு பாத்துச் சொல்லுங்க சேர். அம்மாவுக்கு விளங்கல்லயாம்." வாங்கிப் பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை. சேவைக் கட்டணம், காப்புறுதி, தவணைத் தொகை எல்லாம் இருந்தன. வட்டி எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. நிதி அறிவு ஆசிரியர் என்று அட்டை தொங்கவிட்டிருந்தவன், நாளைக்குச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வங்கியில் வேலை செய்கிற நண்பன் ஒருவன் ஒரு உதாரணக் கணக்குப் போட்டு விளக்கினான். 50,000 ரூபாய்க் கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதம் 5,166 ரூபாய் சொச்சம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் மாதமே கடன் தொகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். வருடம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் நம் கையில் இருப்பது ஏறத்தாழ 27,000 ரூபாய்தான். வட்டியோ, முழு 50,000க்கும் வருடம் முழுதும் கட்டப்படுகிறது. அப்படியென்றால் உண்மையான வட்டி நாற்பது வீதத்துக்கு மேல். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி போடுகிற கடனில் 24 என்று எழுதியிருந்தால் 24தான். இந்தக் கடனில் 24 என்று எழுதியிருந்தால் அது வேறு 24.

வீட்டுக்கு வந்து என் லீசிங் பத்திரத்தை எடுத்து அதே கணக்கைப் போட்டேன். போட்ட கடதாசியை மனைவி காணாத இடத்தில் வைத்தேன். அவள் கண்டெடுத்துவிட்டாள், அது வேறு கதை.

இது ஒரு தாயின் விளங்காமை அல்ல. போர் முடிந்த பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வடக்கு, கிழக்கின் ஒழுங்கைகளுக்குள் எல்லாம் வந்தன. ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில் கடன் கொடுத்தார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், மட்டக்களப்பும் அதில் ஒன்று, பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 35 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரையறையும் அந்த வருடம்தான் வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் இந்தக் கடன்களை எதிர்த்துப் பெண்கள் கிழமைக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் கையேட்டில் கடனுக்கு அரைப் பக்கம்தான். 'தேவையற்ற கடன்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.' பன்றி உண்டியலுக்கோ நாலு பக்கம், கலரில்.

அந்த ஒரு வசனத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவனும் நான்தான். கடன் எடுக்கிற தாய்மாரெல்லாம் ஊதாரிகள் என்று அதற்குள் ஒரு குத்தல் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம் உண்டு. வகுப்பறையில் உண்மையான ஊதாரி நான் ஒருவன்தான். என் கடன் வந்த வழி வேறு: மச்சானின் கலியாணம், புதிய போன், யாரோ கேட்டதற்கு வைத்த பிணைக் கையெழுத்து. அவர்களின் கடன் அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூரைக்கும் எடுத்தது. சிக்கனம் படிக்க வேண்டியவன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தால் பிரயோசனப்பட்டிருக்கும், அது எனக்கே தெரியவில்லை.

2014இல் பெர்னாண்டஸ், லின்ச், நெட்டமெயர் என்ற மூவர், நிதிக் கல்வி பற்றி அதுவரை வந்த 201 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதர்களின் காசு நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில், இந்த வகுப்புகளால் விளக்கக்கூடியது 0.1 வீதம்தானாம். எத்தனை மணித்தியாலம் படிப்பித்தாலும் இருபது மாதத்துக்குள் அதன் பயன் கரைந்துபோகிறதாம். பிற்கால ஆய்வுகள் சில இவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மூவரும் கடைசியில் சொன்ன ஒரு விஷயம் எனக்குச் சரியென்று படுகிறது: முடிவெடுக்கப் போகிற நேரத்தில், எடுக்கப் போகிற முடிவைப் பற்றிப் படிப்பியுங்கள். நாவற்குடாவில் அந்த நேரம் எது என்று ஆப்பக்காரம்மாவின் மகளுக்குத் தெரிந்திருந்தது. தவணைக்காரன் வருகிற கிழமை.

தாய்க்குக் கணக்கை விளங்கப்படுத்தியது நானல்ல, மகள். நான் கொப்பியில் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுபோனாள். அந்தக் கடன் குறையவில்லை, கையெழுத்து வைத்தாயிற்று. அடுத்த கடனுக்குக் குழுக்கூட்டம் நடந்தபோது, இந்த வட்டி முழுத்தொகைக்கா, மிச்சத்தொகைக்கா என்று தாய் எழும்பிக் கேட்டிருக்கிறா. வந்தவர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனாராம். ஓட்டோ லீசிங்கில் எடுக்கிற அண்ணன்மாரும் இப்போது பின்னேரம் வந்து வாங்கில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பிழை விட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து பிழை விடுகிறேன்.

தொண்டர் குழுவின் கையேட்டை நான் இப்போது பாவிப்பதில்லை, பன்றிப் படத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சின்ன மகளுக்குக் கொடுத்தேன். வகுப்புக்குத் தேவைப்படுவது உண்மையான கடதாசிகள். உங்களிடம் பழைய லீசிங் பத்திரமோ, தவணை மட்டையோ, அடைவுச் சீட்டோ இருந்தால், பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு பிரதி தாருங்கள். கட்டி முடித்ததாக இருந்தால் நல்லது, முழுக்கணக்கையும் பார்க்கலாம். கட்டி முடியாததுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை என்னிடம் தாராளமாக இருக்கிறது.